பி. ராமமூர்த்தி (மருத்துவர்)

இக்கட்டுரை நரம்பியல் அறுவை மருத்துவர் பி. ராமமூர்த்தியைப் பற்றியது. இதே பெயரால் அறியப்பட்ட பொதுவுடைமை இயக்கத் தலைவர் வேறொருவர்.

பாலசுப்பிரமணியம் ராமமூர்த்தி (சனவரி 30, 1922 - டிசம்பர் 13, 2003) இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950 ஆம் ஆண்டில் இத்துறையைத் தொடங்கினார். பின்னர் சென்னை நரம்பியல் நிறுவனத்தை உருவாக்கினார். இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவிய நால்வருள் இவரும் ஒருவர். மனிதரின் சினம், வன்செயல், கட்டுக்கடங்காத நடத்தை ஆகியவற்றை மூளை அறுவையின் மூலம் மாற்ற முயன்ற சென்னைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்ற வகையில் உலக மருத்துவ வரலாற்றிலும் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது. அவ்வறுவைகள் இவரது பணிகளிலேயே மிகுந்த விவாதத்துக்கு உரியவை.

பிறப்பும் கல்வியும்

ராமமூர்த்தி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். (சீர்காழி 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது.) தந்தை பாலசுப்பிரமணியம் அரசு மருத்துவர். ராமமூர்த்தி திருச்சிராப்பள்ளியில் பள்ளிக் கல்வியை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1947 இல் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியைப் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியாவில் மூளை அறுவைக்கெனத் தனிப் பயிற்சி பெற எந்த இடமும் இல்லை. எனவே இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜி. எஃப். ரோபோதம் என்பவரிடம் இவர் பயிற்சி பெற்றார். ரோபோதம் தலைக்காயங்கள் பற்றிய நூலால் அறியப்பட்டவர். பின்னர் கனடாவின் மொன்றியால் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் பணியாற்றினார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, எந்தப் பகுதி எதற்குரியது என்று வரைபடம் தயாரித்தவர் பென்ஃபீல்டு.

பென்ஃபீல்டும் முன்மடலும்

மூளையின் நான்கு மடல்களுள் முன்மடலே பெரியது. அதன் பின்பகுதி உடலசைவுகளை இயக்குகிறது. நெற்றிக்கு நேர் பின்னால் அமைந்த முன்பகுதி முன்நெற்றிப் புறணி எனப்படும். இதைத் தூண்டினால் கையும் அசையாது, கண்ணில் ஒளியும் தோன்றாது. அதனால் மருத்துவர்கள் நெடுங்காலம் இதை ஊமைப் பகுதி என்றே கருதி வந்தனர். 1848 இல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற இருப்புப்பாதைத் தொழிலாளியின் முன்மடலை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் குணம் மாறிவிட்டதாக அவரைப் பார்த்த மருத்துவர் எழுதினார். இப்பகுதிக்கும் மனிதரின் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் வலுப்பெற இதுவும் ஒரு காரணமாயிற்று.

பென்ஃபீல்டுக்கு இது சொந்த வீட்டுத் துயரமாகவும் அமைந்தது. அவருடைய தமக்கை ரூத்துக்கு முன்மடலில் கட்டி இருப்பது 1928 இல் தெரியவந்தது. பென்ஃபீல்டே அறுவை செய்து, வலது முன்மடலின் பெரும்பகுதியை அகற்றினார். ரூத் தேறினார். பேச்சும் நினைவாற்றலும் கெடவில்லை, பழகும் முறையும் இனிமையாகவே இருந்தது. ஓராண்டுக்குப் பின் ஒரு நாள் ஒரு விருந்தினருக்கும் தம் குடும்பத்தார் நால்வருக்கும் இரவுணவு சமைக்க முற்பட்டார். பல ஆண்டுகள் செய்து பழகிய வேலைதான். ஆயினும் எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசைப்படுத்த இயலாமல் அடுக்களையில் கலங்கி நின்றார். ஒவ்வொரு பதார்த்தத்தையும் தனித்தனியே சமைக்கத் தெரிந்தவருக்கு அவற்றை ஒரே வேளையில் முடிக்கும் திட்டம் மட்டும் கைகூடவில்லை. 1931 இல் ரூத் இறந்தார். பென்ஃபீல்டு இதனை 1935 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பகுதியாக வெளியிட்டார். முன்நெற்றிப் புறணியின் பணி திட்டமிடுதல், வரிசைப்படுத்துதல், வேண்டாததை அடக்குதல் ஆகியவை என்று இன்று பாடநூல்கள் கூறுவதை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ரூத்தின் கதை வெளியான அதே 1935 ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் எகாஸ் மோனிஸ் வேறொரு வழியில் சென்றார். மனநோயாளிகளின் முன்நெற்றிப் பகுதியை மூளையின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளை வெட்டத் தொடங்கினார். லூக்காட்டமி எனப்பட்ட இம்முறைக்காக 1949 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்காவில் இது லோபாட்டமி என்ற பெயரில் பல்லாயிரம் பேருக்குச் செய்யப்பட்டது. நோயாளிகள் பலர் அமைதியடைந்தனர். ஆனால் முனைப்பும் உணர்ச்சியும் இழந்து வெறுமையாயினர். இந்தியாவும் இதற்கு விலக்கன்று. பெங்களூரில் எம். வி. கோவிந்தசாமியும் பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்கு இவ்வறுவையைச் செய்து, 1944 இல் லான்செட் இதழில் அதன் முடிவுகளை வெளியிட்டனர். ராமமூர்த்தி பயிற்சி பெற்ற ஆண்டுகள் இம்முறை உச்சத்தில் இருந்த ஆண்டுகள் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னையில் தொடக்கம்

1950 இல் நாடு திரும்பிய ராமமூர்த்தி, சென்னை மத்திய இரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இதற்கு முன் இத்துறையைத் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி ஆவார். அவர் 1949 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியைத் தொடங்கியிருந்தார். 1951 இல் சாண்டி, ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். இவர்களுள் இருவர் அறுவை மருத்துவர்கள். நரசிம்மன் சென்னையில் மூளை மின்னலைப் பதிவில் முன்னோடி.

மண்டையோட்டுக்குள் நோய் எங்கே உள்ளது என்று அறிவதே அக்கால மருத்துவருக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. சிடி ஸ்கேன் கருவி 1970களில்தான் உலகுக்கு வந்தது. அதுவரை மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தியோ, கழுத்துத் தமனியில் சாயத்தைச் செலுத்தியோ ஊடுகதிர்ப் படம் எடுத்து, நிழல் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதைக் கொண்டு கட்டியின் இடத்தைக் கணித்தனர். மற்றவை நோயாளியின் நடையையும் பார்வையையும் பேச்சையும் கூர்ந்து நோக்கி அறிய வேண்டியவை. முன்மடலில் மெல்ல வளரும் கட்டிகள் இவ்வகையில் மிகவும் ஏமாற்றுபவை. கை கால் விழாது, பேச்சு குழறாது. சுறுசுறுப்பானவர் சோம்பியிருப்பார், நாகரிகமானவர் கூச்சமின்றிப் பேசுவார், கணக்கில் தேர்ந்தவர் கடையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். குடும்பத்தார் இதைக் குணக்கேடு என்றோ பேய்பிடித்தது என்றோ எண்ணி, கோயிலுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்வர்.

மேலைநாட்டுப் பாடநூல்களில் அருகிவிட்ட ஒரு நோயையும் சென்னைப் பிரிவு எதிர்கொண்டது. அது மூளையில் காசநோயால் தோன்றும் கட்டி. சென்னையில் மூளைக் கட்டி என்று அறுவைக்கு வந்தவற்றில் இது கணிசமான பங்கு வகித்தது. ராமமூர்த்தியும் எம். ஜி. வரதராசனும் இதன் அறிகுறிகளைத் தொகுத்து 1961 இல் பன்னாட்டு இதழில் வெளியிட்டனர். இந்திய மருத்துவர்களுக்கு இந்திய நோய்களைக் கொண்டு எழுதிய நூல் வேண்டும் என்பதை இவர் உணர்ந்திருந்தார். டெல்லி மருத்துவர் பி. என். டாண்டனுடன் இணைந்து பதிப்பித்த நரம்பியல் அறுவைப் பாடநூல் 1980 இல் வெளிவந்தது. பிற்காலப் பதிப்புகளும் இவ்விருவர் பெயராலேயே மாணவரிடையே அறியப்படுகின்றன.

1970களில் இவர் முயற்சியால் சென்னை நரம்பியல் நிறுவனம் உருவாயிற்று. நரம்பு மருத்துவம், நரம்பு அறுவை, மூளை மின்னலைப் பதிவு முதலிய பிரிவுகள் ஒரே இடத்தில் அமைந்தன. இவருடைய மாணவர்களுள் எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா முதலியோர் குறிப்பிடத்தக்கவர்கள். கனகா (1932 - 2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என அறியப்படுகிறார். பெண்கள் அறுவைத் துறைக்கு வருவதே வியப்பாக இருந்த காலத்தில் ராமமூர்த்தியின் பிரிவில் அவர் பயின்றார். ஓய்வுக்குப் பின் தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் தம் பெற்றோர் பெயரில் மருத்துவமனை அமைத்தார்.

நடத்தை மாற்றும் அறுவைகள்

1960களின் தொடக்கத்தில் சென்னைக் குழு ஸ்டீரியோடாக்டிக் எனப்படும் நுண் அறுவை முறையை மேற்கொண்டது. இம்முறையில் நோயாளியின் தலையில் அளவுகோல்கள் பொருத்திய உலோகச் சட்டம் ஒன்று இறுக்கப்படும். ஊடுகதிர்ப் படத்திலிருந்து நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று அளவுகளைக் கணக்கிட்டு, மண்டையோட்டில் இட்ட சிறு துளை வழியே ஒரு மெல்லிய ஊசியை மூளையின் ஆழத்திலுள்ள குறிப்பிட்ட புள்ளிக்குச் செலுத்துவர். அங்குள்ள சில மில்லிமீட்டர் அளவுத் திசு மட்டும் அழிக்கப்படும். முதலில் இது நடுக்குவாத நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மூளையைத் திறந்து வெட்டும் அறுவையைவிட இது பெரிதும் துல்லியமானது.

இத்துல்லியமே அடுத்த படிக்கு வழிவகுத்தது. முன்நெற்றிப் புறணியைக் கண்மூடித்தனமாக வெட்டும் லூக்காட்டமி அதற்குள் மதிப்பிழந்திருந்தது. 1952 இல் குளோர்புரோமசின் மருந்து வந்தபின் அதன் தேவையும் குறைந்தது. ஆனால் சினத்தின் ஊற்று என்று கருதப்பட்ட பகுதியை மட்டும் தொட முடியுமானால், அறிவும் முனைப்பும் கெடாமல் நோயாளியை அமைதிப்படுத்தலாம் என்ற எண்ணம் எழுந்தது. பொட்டு மடலின் உள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்த அமிக்டலாவே அப்பகுதி. ஆபத்தை உணர்ந்து அச்சத்தையும் சினத்தையும் எழுப்புவது அதன் பணி. முன்நெற்றிப் புறணி அவ்வெழுச்சியைச் சீர்தூக்கி அடக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நரம்பிழைகள் இரு திசையிலும் செல்கின்றன. மோனிஸ் இழுபறியின் ஒரு முனையை வெட்டினார் என்றால், ஜப்பானின் ஹிரோதாரோ நரபயாஷி மறு முனையை அழித்தார் எனலாம். நரபயாஷி தம் அமிக்டலா அறுவையின் முடிவுகளை 1963 இல் வெளியிட்டார். மற்றொரு ஜப்பானியரான கெய்ஜி சானோ, ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியை அழிக்கும் முறையை உருவாக்கி, இத்தகைய அறுவைகளை அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை என்றார்.

சென்னையில் வே. பாலசுப்பிரமணியம், கனகா, பி. பி. ராமானுஜம் ஆகியோருடன் ராமமூர்த்தி இவ்விரு முறைகளையும் மேற்கொண்டார். அறுவை செய்யப்பட்டவர்களுள் பலர் சிறுவர்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு நோய், மூளைக் காய்ச்சலின் பின்விளைவு ஆகியவற்றால் ஓயாமல் ஓடுதல், பிறரைத் தாக்குதல், தம்மையே காயப்படுத்திக் கொள்ளுதல் போன்ற நடத்தை உடையவர்கள். 1988 இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்புக் கட்டுரை 28 ஆண்டுகளில் செய்யப்பட்ட 603 அறுவைகளைப் பற்றியது. அவற்றுள் 481 அமிக்டலா அறுவைகள், 122 ஹைப்போதலாமஸ் அறுவைகள். இவ்வகையில் உலகில் வெளியான மிகப் பெரிய தொகுப்புகளுள் இது ஒன்றாகும். போதைப் பழக்கத்துக்காக முன்நெற்றிப் புறணியோடு நெருங்கிய தொடர்புடைய சிங்குலம் என்ற நரம்பிழைக் கற்றையை அழிக்கும் அறுவையையும் சென்னைக் குழுவினர் 1970களில் செய்தனர்.

இக்குழந்தைகளின் நிலையை இன்றைய கண்ணோடு மட்டும் பார்ப்பது முழுமையாகாது. அன்று சிறப்புப் பள்ளிகள் மிகச் சில. மருந்துகளும் சில. பகலும் இரவும் கட்டிவைத்தே வளர்க்கப்பட்ட பிள்ளைகளுடன் பெற்றோர் பொது மருத்துவமனைக்கு வந்தனர். அறுவைக்குப் பின் அப்பிள்ளைகளை அவிழ்த்துவிட முடிந்தது என்றால், அது அக்குடும்பங்களுக்குச் சிறிய செய்தி அன்று.

விமர்சனங்கள்

எனினும் இவ்வறுவைகள் மீது எழுந்த கேள்விகள் கடுமையானவை. முதலாவது, வெற்றியை எவ்வாறு அளந்தார்கள் என்பது. சென்னைக் குழுவின் கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்ட தரவரிசையில், மருந்தின்றி மற்றவர்களோடு கலந்து பழகும் நிலை முதல் தரம். அவ்வப்போது மட்டும் சினந்து, மற்ற நேரங்களில் பணிவாக இருப்பது இரண்டாம் தரம். பயனுள்ள வாழ்க்கை இல்லாவிடினும் மருந்து கொடுத்துச் சமாளிக்க முடியும் நிலை மூன்றாம் தரம். இவ்வளவுகோல் பிள்ளை எவ்வளவு அடங்கியது என்பதையே பெரிதும் அளக்கிறது. கற்றதா, மகிழ்ந்ததா, விரும்பியதைத் தேர்ந்ததா என்பவற்றுக்கு அதில் இடம் குறைவு. கவனித்துக்கொள்பவரின் நிம்மதியும் நோயாளியின் நலமும் ஒன்றல்ல என்று அமெரிக்க விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினர்.

இரண்டாவது, இசைவு. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறுவனால் தன் மூளையில் செய்யப்படும் மீளாத மாற்றத்துக்கு இசைவு தர இயலாது. பெற்றோர் தந்த இசைவு போதுமா? அழிக்கப்பட்ட மூளைத் திசு மீண்டும் வளர்வதில்லை. சிறுவனின் முன்நெற்றிப் புறணியோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. அது முதிர்ச்சியடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. அதாவது, கட்டுப்படுத்தும் பகுதி வளர்ந்து முடிவதற்கு முன்பே, கட்டுப்படுத்தப்பட வேண்டிய பகுதி அகற்றப்பட்டது.

1970களில் அமெரிக்காவில் மனநல அறுவைகள் பெரும் அரசியல் விவாதமாயின. அமிக்டலா அறுவை தோன்றிய ஜப்பானிலேயே 1975 இல் உளமருத்துவ, நரம்பியல் கழகம் மனநல அறுவைகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவில் அத்தகைய பொது விவாதம் பெரிதாக எழவில்லை. ராமமூர்த்தி தம் பணியை மறைக்கவுமில்லை. எண்ணிக்கையோடும் முடிவுகளோடும் உலக இதழ்களில் வெளியிட்டார். இவரை விமர்சிப்பவர்களும் இவர் தந்த தரவுகளைக் கொண்டே விமர்சிக்கின்றனர்.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இவ்வகை அறுவைகளை வெளிப்படையாகக் கட்டுப்படுத்துகிறது. நோயாளியின் இசைவும், உரிய வாரியத்தின் ஒப்புதலும் இன்றி மனநோய்க்காக மூளை அறுவை செய்யக்கூடாது. திசுவை அழிப்பதற்குப் பதிலாக மின்முனையைப் பதித்துத் தூண்டும் முறைகளும் வளர்ந்துள்ளன. அம்முனைகளை வேண்டும்போது நிறுத்தலாம், எடுத்தும் விடலாம். இந்தியாவில் 1975 இல் மூளைக்குள் நிலையான மின்முனை பதித்த முன்னோடி, ராமமூர்த்தியின் மாணவி கனகாவே.

பிற்காலம்

அரசுப் பணிக்குப் பின் ராமமூர்த்தி, தரமணியிலுள்ள தன்னார்வ நலவாழ்வுச் சேவை மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மையத்தை அமைத்துப் பணியாற்றினார். வருமானத்துக்கேற்பக் கட்டணம் என்ற கொள்கையுடன் கே. எஸ். சஞ்சீவி 1958 இல் தொடங்கிய மருத்துவமனை இது. மூளை அறுவை மையத்துக்குச் சூட்டப்பட்டது ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் பெயர் என்பது சுவையான செய்தி.

1989 இல் உலக நரம்பியல் அறுவை மாநாடு புது டெல்லியில் கூடியதில் இவருடைய பங்கு பெரிது. இந்திய அரசு இவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. முதுமையில் இவர் கவனம் தன்னுணர்வு பற்றிய வினாக்களின் பக்கம் திரும்பியது. விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றுக்கு அப்பாற்பட்டதாக உபநிடத மரபு கூறும் துரிய நிலையைப் பற்றி 1995 இல் ஓர் உளமருத்துவ இதழில் எழுதினார். நடத்தையை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அறுத்த ஒருவர் இப்பொருளில் எழுதியது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். அவருக்கு அவ்வாறு தோன்றியதாகத் தெரியவில்லை. அப்ஹில் ஆல் தி வே என்ற பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 2003 டிசம்பர் 13 அன்று தம் 81 ஆவது வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், 2005 இல், கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்பு பொது மருத்துவமனைக்குக் கட்டி அழைத்துவரப்பட்ட வகைப் பிள்ளைகள் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பெற்றோருடன் அங்கே வருகின்றனர். சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை ஆகியவை அவர்களுக்கு அளிக்கப்படுகின்றன.